பிறந்தநாளும் கடைப்பரிசும்

காய்கறிக் கடையில் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் வாங்கிய பின்னர், கறிவேப்பிலையும் கொத்துமல்லியும் சிறிது விலையின்றிக் கேட்டுப் பெறுவது நம் நாட்டு மக்களின் நெடுநாள் வழக்கமாகும். இதற்குக் கொசுறு என்று பெயர். கொசுறு கேட்பவர் யார், எவ்வூரினர் என்று கடைக்காரர் வினவுவதில்லை. நாள்தோறும் தம் கடைக்கு வருபவர் என்னும் ஒன்றே அதற்குரிய தகுதியாகும். ஆண்டுத் தொடக்கத்தில் மளிகைக் கடைகளும் துணிக்கடைகளும் வழங்கும் நாட்காட்டியும் இவ்வினத்தைச் சார்ந்ததே. சிவகாசியில் அச்சிடப்பெற்றுக் கடையின் பெயரைப் பெரிய எழுத்தில் தாங்கி வரும் அந்நாட்காட்டி, 365 நாளும் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டு கடைக்காரரை நினைப்பூட்டும். கொடுப்பவருக்கும் அதனால் ஊதியம் உண்டு. கொள்பவருக்கும் பயன் உண்டு. இருவரும் இதனை அறிவர், அறிந்தே மகிழ்வர்.

இவ்விரண்டினும் வேறான பரிசு ஒன்று இக்காலத்தில் ஊர்தோறும் பரவியுள்ளது. வாடிக்கையாளரின் பிறந்தநாளைக் கேட்டுக் குறித்துவைத்துக்கொண்டு, அந்நாளில் அவருக்கு வாழ்த்து அனுப்பி, ஓர் இனிப்பையோ குளிர்பானத்தையோ கேக்கையோ விலையின்றித் தரும் வழக்கமே அது. உணவு விடுதிகளும் அடுமனைகளும் இதனைச் செய்கின்றன. துணிக்கடைகள் விலையில் ஒரு பகுதியைக் கழிக்கின்றன. நகைக்கடைகள் செய்கூலியைக் குறைக்கின்றன. அன்றிச் சிறியதோர் அன்பளிப்பை ஈகின்றன. பெருநகரங்களில் தோன்றிய இவ்வழக்கம் இன்று சிறு நகரங்களிலும் காணப்படுகிறது.

நம் முன்னோர் பிறந்தநாளைப் போற்றிய முறை வேறு. தொல்காப்பியம், அரசனது பிறந்தநாட் சிறப்பினைப் பெருமங்கலம் என்னும் துறையாக வகுத்துரைக்கிறது. அந்நாளில் அரசன் வெண்மையான ஆடையும் அணியும் புனைவான்; ஆதலின் அது வெள்ளணி நாள் எனவும் பெயர் பெற்றது. சினம் தவிர்ந்து சிறைப்பட்டோரை விடுவித்தல், போரை ஒழித்தல், வரியை நீக்குதல், வேண்டியவர்க்கு வேண்டியன கொடுத்தல் ஆகியவை அந்நாட் செயல்கள் என்று நச்சினார்க்கினியர் தம் உரையில் விளக்குகின்றார். சோழர் காலத்தில் மன்னர் பிறந்த விண்மீன் நாளில் கோயில்களில் விழா எடுக்க நிவந்தங்கள் விடப்பட்டன. முதலாம் இராசராசனின் ஐப்பசிச் சதய விழா தஞ்சையில் இன்றும் ஆண்டுதோறும் நடைபெற்று வருகிறது. பிறந்தவன் கொடுப்பவனாக இருந்தான் என்பது இவற்றால் விளங்கும். அவ்வழக்கம் அரசரோடு மறைந்துவிடவில்லை. புத்தாடை உடுத்துப் பள்ளிக்கு வரும் சிறுவன் தன் வகுப்பினர் அனைவர்க்கும் மிட்டாய் கொடுப்பதும் அவ்வழக்கத்தின் எச்சமே அன்றோ? குசராத்து மாநிலத்தில், பிறந்தநாள் முதலிய நன்னாள்களில் பள்ளிக் குழந்தைகளுக்கு உணவளிக்கும் முறை திதி போசனம் என்னும் பெயரால் வழங்குகிறது. நடுவணரசின் பள்ளி உணவுத் திட்டம் இதனைப் பிற மாநிலங்களிலும் ஊக்குவித்து வருகிறது.

ஆகவே, பிறந்தவர் கொடுத்த நாள், பிறந்தவர் பெறும் நாளாகக் கடைத்தெருவில் மாறியுள்ளது. இம்மாற்றம் தீது என்று கூறுதற்கில்லை. ஆயினும் அரசன் தந்தது கொடை. கடைக்காரர் தருவது வாணிகம். வாணிகத்தை வாணிகமாக அறிந்து கொள்பவர் அதனால் நன்மை பெறுவர்; கொடையென மயங்குபவர் பொருளை இழப்பர்.

வாடிக்கையாளரைப் பரிசினால் பிணிக்கும் முறை அயல்நாடுகளிலும் நெடுங்காலமாக உண்டு. அமெரிக்க நாட்டில் சுபெரி, அச்சின்சன் என்னும் இருவர் 1896ஆம் ஆண்டில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். அந்நிறுவனத்திடம் கடைக்காரர்கள் பச்சை நிற வில்லைகளை விலைக்கு வாங்கி, பொருள் வாங்குவோர்க்கு அவர்கள் வாங்கிய அளவிற்கேற்ப வழங்கினர். மக்கள் அவற்றை ஏடுகளில் ஒட்டிச் சேர்த்து, ஏடு நிறைந்ததும் வீட்டுப் பொருள்களாக மாற்றிக்கொண்டனர். வில்லை ஒட்டிய ஏடு மறைந்து, கைப்பேசி எண்ணும் பிறந்த தேதியும் இன்று அவ்விடத்தைப் பெற்றுள்ளன.

பிறந்த தேதியைக் கடைக்காரர் விரும்புவது எதனால்? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எல்லாக் கடைகளும் ஒருங்கே அழைப்பு விடுக்கின்றன. அக்கூச்சலில் ஒரு கடையின் குரல் கேளாது. பிறந்தநாளோ அவரவர்க்கே உரியது. அன்று வரும் வாழ்த்து நெஞ்சிற் படும். மேலும், பிறந்தநாள் கொண்டாடுபவர் உணவு விடுதிக்குத் தனியே வருவதில்லை. பெற்றோர், உடன்பிறந்தார், நண்பர் எனப் பலர் உடன்வருவர். ஒருவர் உண்ணும் இனிப்புக்கு விலை பெறாத விடுதி, நால்வர் உண்ணும் சோற்றுக்கு விலை பெறுகிறது. அவ்வினிப்பும் விடுதிக்கு அடக்கவிலையில் ஆவதேயன்றி விற்கும் விலையில் ஆவதன்று.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். திருப்பத்தூர் மாவட்டம், வேலூர் மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்டு 2019ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் தோன்றியது. அதன் ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய நகரங்கள் தோல் பதனிடுதற்கும் காலணித் தொழிலுக்கும் பெயர் பெற்றவை. சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து பெண்கள் பலர் விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்துகளில் ஏறி வேலைக்கு வருகின்றனர். அவர்களுள் காலணியின் மேற்பகுதியைத் தைக்கும் பிரிவில் பணிபுரியும் தாய் ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். அவளுக்கு எட்டாம் வகுப்பிற் பயிலும் மகனும், அவனுக்கு இளையளாகிய மகளும் உளர். மகனுடைய பிறந்தநாள் சனவரி 3. அன்று ஆம்பூர்ப் பிரியாணி உண்பது என்று முன்னரே முடிவாகியிருந்தது. சீரகச் சம்பா அரிசியில் ஆக்கி, எண்ணெயில் வதக்கிய கத்தரிக்காய்க் குழம்புடன் பரிமாறப்படும் அவ்வுணவுக்காகவே நெடுஞ்சாலையில் செல்வோர் அவ்வூரில் வண்டியை நிறுத்துவதுண்டு.

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் அந்நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஒரு விடுதியின் விளம்பரப் பலகையை மகன் கண்டான். "பிறந்தநாள் கொண்டாடுவோர்க்குக் கேக் இலவசம்" என்று அதில் பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. அதன் கீழ்ச் சிறிய எழுத்தில், வரி நீங்கலாக 800 ரூபாய்க்குக் குறையாமல் உண்ண வேண்டும். ஒருநாள் முன்னரே சொல்ல வேண்டும். அடையாளச் சான்று காட்ட வேண்டும். அங்கேயே அமர்ந்து உண்ண வேண்டும் என்னும் நிபந்தனைகள் இருந்தன. கேக்கின் விலை 250 ரூபாய்.

பெரிய எழுத்தை மட்டும் படித்து மகிழ்ந்த சிறுவன், சிறிய எழுத்தையும் படித்தபின் வீட்டிற்கு வந்து கணக்குப் போட்டான். பிரியாணி ஒரு தட்டு 160 ரூபாய். மூவர்க்கும் 480 ரூபாய். 800 ஆவதற்கு இன்னும் 320 ரூபாய் வேண்டும்.

"அம்மா, 250 ரூபாய்க் கேக்கை வாங்க 320 ரூபாய் கூடுதலாகச் செலவிட வேண்டுமே! இஃது எப்படி இலவசம் ஆகும்?" என்று கேட்டான்.

"அந்த 320 ரூபாய்க்கும் உணவு கிடைக்குமே" என்றாள் தங்கை.

"பசியில்லாத வயிற்றுக்கு உணவு எதற்கு? வேண்டாததை வாங்கினால் அது செலவுதான்" என்றாள் தாய். சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆயாவும் மாமாவும் அன்றைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்களே. அவர்களைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டாயா?" என்றாள். பாட்டியை ஆயா என்றழைப்பது அப்பகுதியின் வழக்கு.

சிறுவன் மீண்டும் கணக்கிட்டான். ஐவர்க்கும் ஐந்து தட்டு, 800 ரூபாய். வேண்டாத பொருள் ஒன்றும் வாங்காமலே நிபந்தனை நிறைவேறியது. 5 விழுக்காடு வரி 40 ரூபாய் சேர்த்து 840 ரூபாய் கொடுத்தால் போதும். கேக் முற்றிலும் ஊதியமே. ஒரே பலகை, ஒரே நிபந்தனை. மூவராகச் சென்றால் இழப்பு, ஐவராகச் சென்றால் பேறு. உண்ண வருவோர் எத்தனைவர் என்பதைத் தாங்களே முன்னர் முடிவு செய்து, அதன்பின் பலகையைப் படித்தமையால் அக்குடும்பம் பிழைத்தது. பலகையைப் படித்தபின் உண்போர் தொகையை முடிவு செய்பவர், விடுதிக்காரர் வகுத்த கணக்கில் தாமும் ஓர் எண்ணாகிவிடுகின்றனர்.

இத்தகைய பரிசுகளைத் தேடிப் பெற விரும்புவோர் அறிய வேண்டுவன சில உள. பல கடைகள் முன்னரே பெயரைப் பதிந்துகொண்டவர்க்கே பரிசு தருகின்றன. பிறந்தநாளன்று வந்து பதிபவர்க்கு அவ்வாண்டு கொடுப்பதில்லை. ஆதலின் ஓரிரு திங்கள் முன்னரே வினவி அறிதல் நலம். சில இடங்களில் பிறந்தநாளன்று மட்டுமே பரிசு செல்லும். சில இடங்களில் அம்மாதம் முழுதும் செல்லும். வேறு தள்ளுபடியுடன் சேர்த்துத் தருவாரும் உளர், தாராதாரும் உளர். வாய்விட்டுக் கேட்பதில் நாணம் வேண்டுவதில்லை. பதிவேடும் பலகையும் இல்லாத சிறு கடைகளில், "இன்று குழந்தைக்குப் பிறந்தநாள்" என்று சொன்ன அளவிலேயே ஒரு துண்டு மைசூர்ப்பாகினை எடுத்துக் குழந்தையின் கையில் வைக்கும் கடைக்காரர் இன்றும் உளர். கேக்குடன் மெழுகுவத்தியும் வெட்டும் கத்தியும் விலையின்றித் தருவது அடுமனைகள் பலவற்றின் வழக்கமே. நிபந்தனையற்ற சிறு பரிசு, நிபந்தனையுடைய பெரும் பரிசினும் பல நேரங்களில் மேலானது.

இலவசம் என்னும் சொல்லைக் கடைக்காரர் தம் விருப்பம்போல் வழங்குதல் ஆகாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இல் இயற்றப்பட்டது. அதன்வழி அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2022ஆம் ஆண்டு சூன் மாதத்தில் விளம்பரங்களுக்குரிய நெறிமுறைகளை வெளியிட்டது. ஒரு பொருளை இலவசம் என்று விளம்பரம் செய்தால், அதனைப் பெறுதற்குரிய தவிர்க்க இயலாத செலவும் கொண்டுசேர்க்கும் செலவும் நீங்கலாக வேறு தொகை பெறுதல் கூடாது. அதனைப் பெற வாங்குவோர் செய்ய வேண்டுவது எவ்வளவு என்பதையும் தெளிவாகக் கூற வேண்டும் என்பவை அந்நெறிமுறைகளுட் சில. பலகையில் உள்ளதை விடுதியில் மறுத்துரைத்தால், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

இனி, காசினால் அளக்கவியலாத விலை ஒன்றும் உண்டு. கடையில் கொடுக்கும் பிறந்த தேதி, வாழ்த்துக்கு மட்டும் பயன்படுவதன்று. ஆதார் அட்டையின் மின்படியைத் திறக்கும் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததாகும். வருமான வரித் துறையின் நிரந்தரக் கணக்கு எண் அட்டையின் மின்படியோ பிறந்த தேதியாலேயே திறக்கப்படுகிறது. பிறந்த தேதி, ஒருவருடைய வீட்டுப் பூட்டுக்குரிய திறவுகோலின் ஒரு பல் போன்றது. பெயரும் கைப்பேசி எண்ணும் அதனுடன் சேர்ந்துவிட்டால் திறவுகோலின் பெரும்பகுதி பிறர் கைக்குச் சென்றதாகும். ஓர் இனிப்புத் துண்டுக்காக இம்மூன்றையும் எழுதிக் கொடுக்குமுன், அவ்வேடு யாரிடம் இருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாளும் மாதமும் போதும் என்று சொல்லும் கடைக்கு ஆண்டையும் எழுதிக் கொடுத்தல் வேண்டா. ஆதார் அட்டையின் படியைப் பிறந்தநாட் பரிசுக்காகக் கொடுத்தல் ஒருபோதும் வேண்டா. காட்டி மீட்டல் போதும். மாணவர்க்குப் பள்ளி அடையாள அட்டையில் பிறந்த தேதி இருப்பின் அதுவே அமையும்.

பொருளை விற்றுப் பட்டியல் தருதற்குக் கைப்பேசி எண்ணைக் கட்டாயமாகக் கேட்டல் கூடாது என்று நடுவணரசின் நுகர்வோர் நலத்துறை 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. அவ்வாண்டிலேயே எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பதினெட்டு வயது நிரம்பாதவரின் செய்திகளைத் திரட்டுவதற்குப் பெற்றோரின் இசைவைப் பெறுதல் வேண்டும் என்று அச்சட்டம் விதிக்கிறது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அவை படிப்படியாக நடைமுறைக்கு வரும் வகையில் அமைந்துள்ளன.

வஞ்சகரும் இவ்வழக்கத்தைத் தமக்குக் கருவியாக்கிக்கொண்டனர். பெரிய கடையொன்றின் பெயரால் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பி, "பரிசைப் பெற இதனை அழுத்துக" என்று ஓர் இணைப்பையும் சேர்த்துவிடுவர். அழுத்தினால் வங்கிச் செய்திகளைக் கேட்பர். அன்றிக் கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைக் கேட்பர். பரிசு கொடுப்பவர்க்கு அவ்வெண் எதற்கு? மெய்யான கடை, "நேரில் வருக" என்று அழைக்குமேயன்றி, வங்கிக் கணக்கின் உள்ளே வர விரும்பாது. ஏமாற்றப்பட்டவர் காலம் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணுக்குச் சொல்லுதல் வேண்டும்.

சிறுவனுடைய பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்னதாகச் சனவரி முதல்நாளில், அவன் பாட்டிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. திருப்பத்தூரில் அவள் நகைச்சீட்டுக் கட்டிவந்த கடையிலிருந்து பிறந்தநாள் வாழ்த்தும், நேரில் வந்து அன்பளிப்புப் பெற்றுக்கொள்ளும்படி ஓர் அழைப்பும் அதில் இருந்தன. பாட்டி திகைத்தாள்.

"நான் ஆவணியில் பிறந்தவள். நாடோடி மன்னன் படம் வந்த ஆண்டு என்று என் தாய் சொல்லுவாள். இவர்கள் சனவரி என்கிறார்களே!" என்றாள்.

அத்திரைப்படம் வெளிவந்தது 1958 ஆகத்து மாதத்தில். அக்காலத்துச் சிற்றூர்களில் பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கம் பரவலாக இல்லை. பள்ளியிற் சேர்க்கும்போது குழந்தையின் வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் செய்வர். தொட்டால் ஐந்து வயது ஆயிற்று என்பது கணக்கு. தலைமையாசிரியர் தமக்கு ஏற்றதொரு தேதியை ஏட்டில் எழுதிக்கொள்வார். பள்ளிக்கே செல்லாதவர்க்கு அத்தேதியும் இல்லை. அத்தகையோர் ஆதார் எடுக்கச் சென்று ஏறத்தாழ வயதைச் சொன்னபோது, பிறந்த தேதி சனவரி 1 என்று பதிவாயிற்று. நாடெங்கும் முதியோர் பலர் இவ்வாறே ஆண்டின் முதல்நாளில் பிறந்தவராயினர். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது, 2023இல் திருத்தப்பெற்றது. அவ்வாண்டு அக்டோபர் முதல்நாளுக்குப்பின் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்குரிய ஆவணமாகும். அவர்களுக்குப் பாட்டியின் ஐயம் எழாது.

"பொய்யான நாளைச் சொல்லிப் பரிசு வாங்கலாமா?" என்று பாட்டி கேட்டாள்.

இக்கேள்வி எண்ணத்தக்கது. பரிசு பெறும்பொருட்டு ஒரு கடையில் ஒரு தேதியும் மறு கடையில் வேறு தேதியும் எழுதிக் கொடுப்பாரும் உளர். அது வஞ்சகமே, துண்டு இனிப்புக்குச் செய்த வஞ்சகமும் வஞ்சகமே. பாட்டியோ அவ்வாறு செய்தாளல்லள். சீட்டில் சேரும்போது கடைக்காரர் ஆதாரைக் கேட்டார்; அவளும் காட்டினாள். ஏட்டில் உள்ள நாளுக்குக் கடைக்காரர் பரிசு தருகிறார். இதில் அவள் சொன்ன பொய் ஒன்றும் இல்லை. மகளும் அவ்வாறே கூறவே, பாட்டி மனம் தேறிப் பேரனுடன் திருப்பத்தூருக்குச் சென்றாள்.

கடையில் முதியோர் பன்னிருவர் விசிப்பலகைகளில் அமர்ந்திருந்தனர். ஊழியர் ஒருவர் ஒவ்வொருவர் பெயராக அழைத்து, வாழ்த்துக் கூறி, சிறியதோர் எவர்சில்வர்க் குங்குமச்சிமிழைக் கொடுத்துக்கொண்டிருந்தார். தம் முறை வரும்வரை காத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் வினவத் தொடங்கினர்.

"உங்களுக்கும் இன்றுதான் பிறந்தநாளா, அண்ணா?" என்று பாட்டி பக்கத்தில் இருந்த முதியவரைக் கேட்டாள்.

"ஏட்டில் இன்றுதான். நான் பிறந்தது பங்குனியில். எங்கள் ஊர்த் தேர் நிலைக்கு வந்த நேரத்தில் பிறந்தேனாம்" என்றார் அவர்.

"எனக்குத் தை மாதம், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள்" என்றாள் அடுத்திருந்த மூதாட்டி.

"நான் ஆவணி" என்றாள் பாட்டி.

பேரன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். "ஆவணியில் எந்த நாள், ஆயா?" என்று கேட்டான். பாட்டி விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். அதற்குள் அவள் பெயர் அழைக்கப்பட்டது.